ஓய்வுக்கும் நாள் குறியுங்கள்

வேலையெல்லாம் முடியட்டும், பிறகு ஓய்வெடுக்கலாம் என்று காத்திருப்பவருக்கு ஓய்வு வருவதே இல்லை. வேலை முடிந்தால்தானே! இலுப்பூர்க் கடைவீதியில் காலையில் ஷட்டரைத் தூக்கும் கடைக்காரர், தாலுகா அலுவலகத்தில் மனுக்களோடு மல்லுக்கட்டும் எழுத்தர், விராலிமலைத் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போகும் பெண், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர் என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "எங்கங்க நேரம் இருக்கு?"

நேரம் கொஞ்சமாவது இருக்கத்தான் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அரை மணியும் ஒரு மணியும் கிடைக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குப் பெயர் வைக்காததால் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறார்கள். பாதியைச் செல்போன் எடுத்துக்கொள்கிறது. மீதியை நாளைய வேலையைப் பற்றிய கவலை தின்றுவிடுகிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாள் குறிக்கிற நாம், ஓய்வையும் விளையாட்டையும் மட்டும் மிச்ச நேரத்துக்குத் தள்ளிவைக்கிறோம். கோளாறு அங்கேதான்.

அதைச் சரிசெய்ய வெளியூர் நிபுணரைத் தேட வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துக் கண்மாய்களிலேயே பாடம் இருக்கிறது.

கண்மாய் கற்றுத்தரும் நான்கு விதிகள்

இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கம் கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றத் தொடங்கினால் மீன்பிடித் திருவிழா வந்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டி ஊர்களுக்குத் தகவல் போகும். இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. குறித்த நாளில் விடியும்போதே கரை நிறைந்திருக்கும். ஊத்தா, வலை, தூரி, கச்சா என்று அவரவர் கையில் ஒன்று. எதுவும் இல்லாதவர் கையில் கொசுவலையோ பழைய சேலையோ. சாமி கும்பிட்டு, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் பாயும். தாத்தாவும் பேரனும் ஒரே சேற்றில் நிற்பார்கள். விரால், கெண்டை, கெளுத்தி என்று கிடைத்தது வீட்டுக்குழம்புக்குப் போகும். கிடைக்காதவரும் சிரித்துக்கொண்டே கரையேறுவார்.

இதில் பக்தி உண்டு. மழை பெய்து விவசாயம் செழிக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. கூடவே, வளர்ந்தவர்கள் கூச்சமில்லாமல் விளையாடுவதற்கு ஊர் செய்துவைத்த ஏற்பாடும் இருக்கிறது. அதன் விதிகள் நான்கு.

ஒன்று, நாள் முன்கூட்டியே தெரியும். அதனால் லீவு சொல்ல முடிகிறது. வேறு வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளாமல் இருக்க முடிகிறது.

இரண்டு, தொடக்கத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. துண்டு வீசும்வரை யாரும் இறங்குவதில்லை. வீசிய பிறகு யாரும் யோசிப்பதில்லை.

மூன்று, கூட்டம் உண்டு. எல்லோரும் சேற்றில் நிற்கும்போது, "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்க ஆளில்லை.

நான்கு, லாபக் கணக்கு இல்லை. ஒருநாள் கூலியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் இதைவிட அதிக மீன் வாங்கலாம். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் வருகிறார்கள்.

உங்கள் ஓய்வுத் திட்டம் எதுவானாலும் இந்த நான்கையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். நாள், அடையாளம், துணை, கணக்குப் பாராமை. இவற்றில் எவையேனும் இரண்டு இருந்தாலே திட்டம் நிற்கும். ஒன்றுமே இல்லையென்றால் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகும்.

சோர்வு தீர நான்கு வழி

வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் சபீன் சோனன்டாக், சார்லோட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-இல் நான்கு அனுபவங்களை வகைப்படுத்தினார்கள். மனத்தளவில் வேலையை விட்டு விலகுவது. உடலும் மனமும் தளர்ந்து இளைப்பாறுவது. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கற்றுத் தேறுவது. அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்று தானே முடிவெடுப்பது.

கட்டிலில் படுத்து ரீல்ஸ் தள்ளுவதை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். இளைப்பாறுதல் கொஞ்சம் கிடைக்கும். அதே போனில் அலுவலக குரூப்பின் செய்தி வந்து விழுவதால் விலகுதல் கெடும். எதையும் கற்பதில்லை. அடுத்து எதைப் பார்ப்பது என்பதையும் போனே முடிவுசெய்கிறது. ஒரு மணி நேரம் படுத்திருந்தும் அலுப்பு தீராமல் எழுந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

நான்கில் நாம் அதிகம் மறந்துவிடுவது மூன்றாவதை. களைத்த மனிதர் எதையாவது புதிதாகக் கற்பதா என்று தோன்றும். கற்கலாம் என்பதற்கு இந்த மண்ணிலேயே மூன்று சான்றுகள் இருக்கின்றன.

குடுமியான்மலைப் பாறையில் பழைய இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுரக் கோவைகளை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியர் என்ற ஆசிரியரின் மாணவரான ஓர் அரசர், கற்போர் நலனுக்காக இவற்றைச் செய்ததாகக் கல்வெட்டின் இறுதி சொல்கிறது. அந்த அரசர் யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு வேண்டிய செய்தி வேறு: நாடாளும் பொறுப்பில் இருந்தவரும் ஓர் ஆசிரியர் முன்னால் மாணவராக உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது ஜல்லிக்கட்டுக் காளை. 2019 ஜனவரியில் விராலிமலை வாடிவாசலில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. அது உலக சாதனையாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காளைகளை வளர்க்கிறவர்களில் பலர் வேறு வேலை பார்ப்பவர்கள். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் காளைக்கு நடைப்பயிற்சி, கண்மாயில் நீச்சல், மண் குத்தும் பயிற்சி என்று பழக்குகிறார்கள். பருத்திக்கொட்டைக்கும் புண்ணாக்குக்கும் ஆகும் செலவைப் பரிசுப் பொருள் ஈடுகட்டாது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அலுவலகம் அவர்கள் மண்டைக்குள் நுழைவதில்லை.

மூன்றாவது சான்று பெண்களுடையது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதி உலகறியச் செய்தார். தண்ணீர்க் குடம் கொண்டுவரவும் வேலைக்குப் போகவும் சைக்கிள் உதவியது உண்மைதான். அதற்கு முன்பே, விழுந்து எழுந்து ஓட்டிப் பழகியதில் கிடைத்த சந்தோஷம் ஒன்று இருந்தது. நாற்பது வயதில் புதிதாக எதையும் தொடக் கூடாது என்று நினைப்பவர்கள் தங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டுப் பார்க்கலாம்.

சட்டம் தந்ததைக் கேட்டு வாங்குங்கள்

ஓய்வு யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை, போராடி வாங்கியது. இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் நடத்தியவர் சிங்காரவேலர். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை என்பவை அதன் அடிப்படைகள். 2021-இல் இதைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். கேரளா 2018-இலேயே இதைச் செய்திருந்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் பெண்ணுக்கு அந்த நாற்காலி சலுகை கிடையாது, உரிமை.

"கூடுதலாக உழைத்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்களுக்கு உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் பதில் சொல்லிவிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம்.

லீவு கேட்கும்போது பொய்க் காரணம் தேடாதீர்கள். பாட்டியை இரண்டாவது முறை சாகடிக்க வேண்டாம். "சார், அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு கேஷுவல் லீவு வேணும். செல்வி மேடத்திடம் என் வேலையைச் சொல்லிவெச்சிருக்கேன். அவங்க லீவு எடுக்கும்போது நான் பார்த்துக்குவேன்." தேதி, மாற்று ஏற்பாடு, பதிலுதவி மூன்றையும் சொல்லிவிட்டால் மேலதிகாரிக்கு மறுக்கக் காரணம் குறைவு.

வேலைக்கு ஏற்ற வழி

கடைக்காரர்: "கல்லாவை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. நான்கு வாரப் பில்லை எடுத்துப் பாருங்கள். வியாபாரம் மந்தமான ஓர் அரைநாள் கட்டாயம் தெரியும். அந்த அரைநாளுக்கு விடுமுறைப் பலகை எழுதி மாட்டுங்கள். இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர் பழகிக்கொள்வார். பக்கத்துக் கடைக்காரரோடு பேசி வேறு வேறு நாளில் மூடினால், கடைவீதிக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

அலுவலக ஊழியர், ஆசிரியர்: வீட்டுக்குப் போனாலும் வேலை மனத்தை விட்டு இறங்காததுதான் உங்கள் சிக்கல். கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பாதியில் நிற்கும் வேலைகள் எவை, நாளை எதை முதலில் தொடுவது என்று தாளில் எழுதுங்கள். முடியாத வேலை மனத்தை நச்சரிப்பதை, எப்போது எப்படிச் செய்வது என்று திட்டமிட்டு எழுதுவதே அடக்குகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் காட்டினார்கள். தாளை மேசை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். அதுவே உங்கள் வெள்ளைத் துண்டு. பஸ்ஸில் ஏறிய பிறகு அலுவலக குரூப்பை மியூட்டில் போடுங்கள்.

ஷிப்டு தொழிலாளர்: உங்களுக்கு முதலில் தூக்கம், பிறகுதான் விளையாட்டு. இரவு ஷிப்டு முடிந்து டூவீலரில் கிளம்பும் முன், இடம் கிடைத்தால் இருபது நிமிடம் கண்ணயருங்கள். நெடுந்தூர விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு இடைவேளை கொடுத்து அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஆராய்ந்தது. அவர்கள் சராசரியாக 26 நிமிடமே தூங்கினார்கள். அதற்கே விழிப்பும் வேலைத் திறனும் கூடின. வீட்டில் பகல் தூக்கத்துக்கு ஜன்னலை இருட்டாக்குங்கள். "பகல்ல தூங்குறா" என்று பேசும் உறவினரிடம் உங்கள் ஷிப்டு அட்டவணையையே காட்டிவிடுங்கள்.

வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் பெண்கள்: 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அம்மாவுக்கு ஓய்வு வேண்டுமென்றால் அப்பாவும் பிள்ளைகளும் அடுப்படிக்கு வர வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. வாரத்தில் ஒருவேளைச் சமையலை முழுதாக அவர்களிடம் விடுங்கள். உப்பு கூடினாலும் எழுந்து போகாதீர்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் கடைசி அரை மணியை விளையாட்டுக்கு ஒதுக்கச் சொல்லிப் பாருங்கள். கடன் கணக்கு முடிந்த கையோடு ஒரு சுற்றுக் கும்மி அடித்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்: ஓவர்டைம் பணம் ஊருக்கு வீடாக வருகிறது, உடம்பு அங்கேயே தேய்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் ஓய்வு நாள் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் வீட்டு வேலைப் பணியாளர்களுக்கு மாதம் ஓர் ஓய்வு நாளையாவது கட்டாயம் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பதில் பணம் தந்து ஈடுகட்டக் கூடாது என்று 2023 ஜனவரி முதல் விதி இருக்கிறது.

செலவில்லாத ஆட்டங்கள்

விளையாட ஆசைப்பட்டதும் பேட்டும் ஷூவும் வாங்க ஓடாதீர்கள். சாக்குக்கட்டியும் கூழாங்கல்லும் போதும்.

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் கட்டும். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இதன் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். மதிய உணவு இடைவேளையில் ஓர் ஆட்டம் முடித்துவிடலாம். மேலதிகாரியைப் புலியாக்கி நீங்கள் ஆடாக உட்கார்ந்தால் சுவாரசியம் கூடும்.

பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி, புளியங்கொட்டை போதும். எண்ணவும் முன்யோசிக்கவும் வேண்டியிருப்பதால், அலுவலகக் கவலைக்கு மண்டையில் இடமிருக்காது. தாயத்துக்கு நான்கு பேர் சேர்ந்தால் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. உடம்பு அசைய வேண்டுமென்றால் இறகுப்பந்து, கைப்பந்து, கபடி. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் அரசு ஊழியர்களுக்குத் தனிப்பிரிவே இருக்கிறது; அதைச் சாக்காக வைத்துப் பழகத் தொடங்கலாம்.

அரைநாள் கிடைத்தால் சித்தன்னவாசலுக்குப் போங்கள். அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக்குளத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர் எல்லாம் அந்த ஒரே குளத்தில். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், குழந்தைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும். பிறகு ஏழடிப்பட்டம் ஏறினால், சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் பதினேழு இருக்கின்றன. திரும்பும் வழியில் குடுமியான்மலையையும் பார்த்துவிடலாம். செல்ஃபி ஒன்று போதும்; மீதி நேரம் போன் பையில் இருக்கட்டும்.

இந்த மூன்றில் எச்சரிக்கை

பொழுதுபோக்கைத் தொழிலாக்கச் சொல்பவர்களிடம் கவனம். நன்றாகக் கேக் செய்கிறீர்கள், ஆர்டர் எடுங்கள் என்பார்கள். எடுத்த அன்றே அது இன்னொரு வேலை ஆகிவிடும். வருமானம் தேவைப்பட்டால் எடுங்கள்; ஆனால் ஓய்வுக்கு வேறொன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

பணம் வைத்து ஆடுவது விளையாட்டு இல்லை. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசு சட்டமே போட்டுத் தடைசெய்தது.

மது ஓய்வு தராது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அலுப்பு இரட்டிப்பாகியிருக்கும், சட்டைப்பையும் காலியாகியிருக்கும்.

முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்

உங்கள் ஊழியர் ஓய்வெடுப்பதும் எடுக்காததும் உங்கள் கையில் பாதி இருக்கிறது. இரவு பத்து மணிக்கு நீங்கள் அனுப்பும் "காலையில் பார்த்தால் போதும்" என்ற செய்தியை அவர் இரவு பத்து மணிக்கே பார்க்கிறார். காலையிலேயே அனுப்புங்கள். விடுமுறைப் பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டுங்கள். முதல் லீவை நீங்கள் எடுங்கள். மேலாளர் லீவே எடுக்காத இடத்தில் மற்றவர்களுக்குக் கேட்க வாய் வராது. ஊர்த் திருவிழாவுக்கும் ஜல்லிக்கட்டுக்கும் யார் யாருக்கு எந்த நாள் வேண்டுமென்று பொங்கலுக்கு முன்பே கேட்டு எழுதிவைத்தால், அன்று காலை திடீரென்று பாதிப்பேர் வராமல் போகும் தலைவலி உங்களுக்கும் மிஞ்சாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

காலண்டரை எடுங்கள். அடுத்த ஏழு நாளில் இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். "ஓய்வு" என்று பொதுவாக எழுதாதீர்கள். "சனி மாலை ஐந்து மணி, ஆடுபுலி, மாமாவோடு" என்று எழுதுங்கள். வீட்டில் ஒருவரிடமும் வெளியில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். தொடங்கும்போது செய்ய ஓர் அடையாளத்தை முடிவுசெய்யுங்கள்: போனை அணைப்பது, வேட்டி மாற்றுவது, வாசலில் பாய் விரிப்பது, எதுவானாலும் சரி. தவறிப்போனால் அடுத்த வாரமே அதே கிழமைக்கு மீண்டும் குறியுங்கள். நாள் குறிக்காத ஓய்வு நம்மைத் தேடி வராது. இன்றைக்கே குறித்துவிடுங்கள்.